வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ: மற்றவர்களுக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஃப்ளூ விஷயத்தில் கோட்டை விடுவது பெரும்பாலும் முதல் நாளில்தான். வைரஸ் உடலுக்குள் புகுந்த 1 முதல் 4 நாட்களுக்குள், சராசரியாக 2 நாட்களில், அறிகுறி தெரியும். ஆனால் அதற்கு ஒரு நாள் முன்பே மூச்சிலும் எச்சிலிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கியிருக்கும். அறிகுறி தொடங்கிய பின் 5 முதல் 7 நாட்கள் வரை அது தொடரும். முதல் 3, 4 நாட்களில்தான் தொற்றும் வாய்ப்பு மிக அதிகம். சிறு குழந்தைகளிடமும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடமும் 10 நாட்களைத் தாண்டியும் நீளலாம். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால், தடுக்க வேண்டிய நேரத்தில் பாதி போய்விடும்.

சாதாரணச் சளி மெல்ல மெல்ல ஏறும். ஃப்ளூ சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்: திடீர்க் காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல், எழ முடியாத அசதி. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும் என்பதால் தெர்மாமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். சந்தேகம் வந்த உடனே தனிமைப்படுத்துங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முழுதாகத் தடுக்க முடியாவிட்டால் என்ன பயன் என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். பருவகால ஃப்ளூவில் ஒருவரிடமிருந்து சராசரியாகச் சுமார் 1.3 பேருக்குத் தொற்றுகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே ஏறத்தாழ 3 நாட்கள். 10 பேரிடம் தொடங்கினால், 10 சுற்றுகளில், அதாவது ஒரு மாதத்தில், பத்தாவது சுற்றில் மட்டும் 138 பேர் நோயாளிகளாவார்கள். அதே 1.3-ஐ 0.9 ஆக்கிவிட்டால் 3 அல்லது 4 பேர்தான். அரைகுறைத் தடுப்பாக இருந்தாலும் பலர் செய்தால் சங்கிலி அறுந்துவிடும். தட்டம்மை போன்ற வேகமான தொற்றுகளில் இந்தச் சலுகை கிடையாது.

முதல் வேலை காற்று. நோயாளிக்குத் தனி அறை கொடுத்து, கதவைச் சாத்தி, வெளிப்புறச் சன்னலைத் திறந்து வையுங்கள். மேசை விசிறி இருந்தால் சன்னலைப் பார்த்து, காற்று வெளியே போகும்படி வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சன்னல் பக்கமிருந்து அறைக்குள் வீசும் விசிறி, உள்ளே மிதக்கும் நுண்துளிகளைக் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குத் தள்ளும். கூரை விசிறி காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. சாதாரண அறை ஏசியும் உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். தனி அறைக்கு வழியில்லையென்றால், படுக்கைகளுக்கு இடையே குறைந்தது 2 மீட்டர் விட்டு, நோயாளியைச் சன்னலோரம் படுக்க வையுங்கள். பெரிய துளிகள் அந்தத் தூரத்துக்குள் விழுந்துவிடும். நுண்துளிகள் விழாமல் மிதப்பதால்தான் தூரத்தோடு சன்னலும் தேவைப்படுகிறது.

கவனித்துக்கொள்ள ஒருவர் மட்டும் போதும். ஆள் மாற மாற வைரஸைச் சந்திப்பவர்களின் எண்ணிக்கைதான் கூடும். கர்ப்பிணி, 65 வயதைக் கடந்தவர், ஆஸ்துமா, நீரிழிவு, இதயநோய் உள்ளவர்கள் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம். அறைக்குள் போகும்போது இருவருமே முகக்கவசம் அணியுங்கள். கவனிப்பவருக்கு என்95 நல்லது. மூக்குப்பாலத்தில் கம்பியை அழுத்திவிட வேண்டும். மூக்கு வெளியே தெரிந்தால் போட்டும் போடாத கணக்குத்தான்.

அடுத்தது கை. வழவழப்பான கடினப் பரப்புகளில் வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். துணியிலும் காகிதத்திலும் 12 மணி நேரத்துக்கும் குறைவு. கையில் சில நிமிடங்கள்தான், ஆனால் மூக்கைத் தொடுவதற்கு அது தாராளம். சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். சானிடைசர் என்றால் 60% ஆல்கஹாலுக்குக் குறையக் கூடாது. தானாக உலரும்வரை தேய்க்க வேண்டும். கையில் சளி ஒட்டியிருந்தால் சானிடைசர் சரிவர வேலை செய்யாது, சோப்புத்தான். கதவுப்பிடி, குழாய், சுவிட்ச், கைப்பேசியைத் தினமும் துடைத்தால் போதும். நாள் முழுக்கத் தரையைத் துடைத்துவிட்டுச் சன்னலை மூடி வைப்பது உழைப்பை இடம் மாற்றிப் போடுவதாகும்.

வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் போன்ற மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். கர்ப்பிணி, முதியவர், நாள்பட்ட நோயுள்ளவர் போன்ற ஆபத்துப் பிரிவினருக்கு அன்றே மருத்துவரை அணுகுங்கள். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆஸ்பிரின் தரவே கூடாது. ரெய்ஸ் நோய்க்குறி என்னும் கடுமையான பாதிப்பு வரலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பம், உதடு நீலமாதல், அல்லது தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்ட பின் பாதுகாப்பு உருவாகச் சுமார் 2 வாரம் ஆகும் என்பதால், வீட்டுக்குள் நோய் வந்தபின் போடுவது இந்தச் சுற்றுக்கு உதவாது. பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் போட வேண்டும்.

நோயாளி எப்போது வெளியே வரலாம்? காய்ச்சல் மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்து, மற்ற அறிகுறிகளும் தணிந்திருக்க வேண்டும். காலையில் பாராசிட்டமால் போட்டு, சூடு இறங்கியதும் வேலைக்கோ பள்ளிக்கோ அனுப்புவதுதான் அடுத்த சங்கிலியைத் தொடங்கிவைக்கிறது. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், வைரஸ் வெளியேறுவதை நிறுத்தாது. வெளியே வந்த பிறகும் 5 நாட்களுக்கு அடைத்த இடங்களில் முகக்கவசம் அணியட்டும். இருமல் மட்டும் 2 வாரமோ அதற்கு மேலுமோ இழுக்கலாம். அதற்காக அத்தனை நாளும் அறைக்குள்ளேயே வைத்திருக்கத் தேவையில்லை.