தராசை ஏமாற்றலாம், உடம்பை?

கிராமத்துக் கபடிப் போஸ்டர்களில் '65 கிலோ எடைப் பிரிவு' என்று பார்த்திருப்பீர்கள். 67 கிலோ இருக்கிற பையன் அதைப் பார்த்ததும் செய்யும் முதல் வேலை, சோறு தண்ணீரை நிறுத்துவது. அப்புறம் கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டரோ ரெயின்கோட்டோ மாட்டிக்கொண்டு ஓட்டம். எச்சிலைக்கூடத் துப்பித் துப்பி இறக்குவார்கள்.

இரண்டு கிலோ இறங்கும்தான். இறங்கியது கொழுப்பு இல்லை, தண்ணீர். ரத்தத்தின் அளவு குறைந்து இதயம் படபடவென்று அடிக்கும். வியர்க்கத் தண்ணீர் இல்லாததால் உடல்சூடு தணியாது. 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஆறு வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தது இப்படி எடை இறக்கும்போதுதான். வியர்க்க வைக்கும் ரப்பர் உடையையும், சானா என்கிற சூட்டு அறையையும் அதற்கப்புறம் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் தடை செய்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள். ராத்திரி முழுக்கப் பாடுபட்டு, முடியைக்கூட வெட்டியும் கடைசி 100 கிராம் இறங்கவில்லை. பள்ளிக்கூடப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

சிலர் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை போடுகிறார்கள். அது ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் உள்ளது என்பதே பலருக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய தவறு, வளர்கிற பிள்ளையைப் போன வருடப் பிரிவிலேயே பிடித்து வைப்பது. பதினான்கு, பதினைந்து வயதில் உயரம் கூடும்போது எடையும் கூடத்தான் வேண்டும். 'டீமுக்கு அந்த வெயிட்டில் ஆள் இல்லை' என்பது கோச்சின் கவலை, பிள்ளையின் எலும்புக்கு அது தெரியாது. மேல் பிரிவில் ஆடித் தோற்றால் தோற்கட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோனால் 'கடும் பயிற்சி, அப்படித்தான் இருக்கும்' என்று விடுகிறார்கள். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்று உடம்பு சொல்வது அது. எலும்பு வலுவிழந்து விரிசல் விடும். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடை கூட்ட விலையுயர்ந்த பவுடர் டப்பாவும் வேண்டாம். முட்டை, சுண்டல், பால், வாழைப்பழம் போதும்.

சரி, நிஜமாகவே கொழுப்பு கூடியிருந்தால்? மருத்துவரைக் கேட்டு, சீசனுக்கு முன்பே, வாரம் அரை கிலோவுக்கு மேல் போகாமல் குறைக்கலாம். குறைக்க வேண்டியது பரோட்டாவும் கூல்டிரிங்ஸும். பயிற்சி நாளில் சோறு வேண்டும். தராசு வேண்டுமென்றால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஏறிப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.