வன்னியில வயல் செய்யிற ஆக்களுக்கு: மலேரியா திரும்பி வராமல் பாத்துக்கொள்ளுறது எப்பிடி

எங்கட பக்கம் இப்ப மலேரியா இல்லை, அது உண்மைதான். 2012க்குப் பிறகு உள்ளூர்ப் பரவல் இல்லாமப் போய், 2016 செப்டம்பரில உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழும் தந்திட்டுது. ஆனா போனது கிருமிதான், நுளம்பு போகேல்லை, மலேரியாவைப் பரப்புற அதே அனோபிலிஸ் நுளம்பு இப்பவும் குளத்தடியிலயும் வாய்க்கால் ஓரத்திலயும் இருக்கு. 1963ல நாடு முழுக்க 17 பேருக்குத்தான் இருந்தது, இனி இல்லையெண்டு எல்லாரும் அசண்டையா இருக்க, ஐஞ்சாறு வருசத்தில லட்சக்கணக்கில திரும்பி வந்தது. தொண்ணூறுகளில என்ர தம்பி பின்னேரமானா நடுங்கத் தொடங்குவான், போர்வை, சாறம், நெல்லுச்சாக்கு எல்லாம் மேல போட்டு அம்மாவும் அமத்திப் பிடிச்சாலும் கட்டில் கிடந்து ஆடும். அதைக் கண்ணால பாத்த ஆள் எண்டபடியாத்தான் எழுதுறன்.

எல்லாத்திலயும் முக்கியம் காய்ச்சல்காரர் வாயைத் திறந்து சொல்லுறது. இந்தியா, ஆபிரிக்கா எண்டு போய் வந்த ஆளுக்கு ஒரு வருசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, ஆஸ்பத்திரிக்குப் போன உடனயே "நான் இன்ன இடம் போய் வந்தனான், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கோ" எண்டு சொல்லவேணும், சொல்லாட்டி டெங்குவெண்டோ சும்மா வைரஸ் காய்ச்சலெண்டோ நினைச்சுப் போட்டு நாள் போயிடும். நோயாளியைக் கடிச்ச நுளம்புக்குள்ள கிருமி வளர்ந்து அடுத்த ஆளுக்குத் தொத்துற நிலைக்கு வர கிட்டத்தட்ட 10, 14 நாள் எடுக்கும், அதுக்குள்ள ஆளைப் பிடிச்சு மருந்து குடுத்து வீட்டைச் சுத்தி நுளம்பையும் அழிச்சிட்டா சங்கிலி அறுந்துபோகும். 2018 டிசம்பரில மொனராகலையில இந்தியாவில இருந்து வேலைக்கு வந்த ஒராளிட்ட இருந்து உள்ளூர் ஆளுக்குத் தொத்தினது இப்பிடிக் கடிச்ச நுளம்பாலதான். அந்த நாடுகளுக்குப் போறதுக்கு முதலே அரசாங்கத்தின்ர மலேரியா தடை இயக்கத்தில தடுப்புக் குளிசை இலவசமா வாங்கலாம், வாங்கிப்போட்டு போங்கோ.

மலேரியாவில வைவாக்ஸ் எண்ட வகை எண்டா கிருமி ஈரலுக்குள்ள ஒளிஞ்சு கிடந்து மாதக்கணக்கில கழிச்சும் திரும்ப வரும், அதுக்குத்தான் பிரிமாக்குயின் எண்ட குளிசையை 14 நாள் குடுக்கிறது. மூண்டாம் நாள் காய்ச்சல் விட்டிட்டுது எண்டு குளிசையை நிப்பாட்டாதேங்கோ, தம்பிக்கு மூண்டு தரம் திரும்பி வந்ததும் இதாலதான்.

இனித் தண்ணி. வெயில் படுற தெளிஞ்ச தண்ணியிலதான் இந்த நுளம்பு முட்டையிடும், குளத்துத் துருசு (மதகு) பூட்டின பிறகு வாய்க்காலில தேங்கி நிக்கிறது, கிரவல் கிண்டின குழி, சேத்தில மாடு மிதிச்ச குளம்படித் தண்ணி எல்லாம் பாருங்கோ. ஒரு வெள்ளைக் கோப்பையை எடுங்கோ, உங்கட நிழல் தண்ணியில விழாமல் மெல்லக் குனிஞ்சு கரையோரமா அள்ளுங்கோ, நிழல் பட்டா எல்லாம் அடியில ஓடிடும். ஒரு நிமிசம் பொறுத்துப் பாத்தா, தலைகீழாத் தொங்கிறது மற்ற நுளம்புப் புழு, வைக்கோல் துரும்பு மாதிரி தண்ணி மட்டத்தோட படுத்துக் கிடக்கிறது அனோபிலிஸ். கண்டா பி.எச்.ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) சொல்லுங்கோ. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும், அதால கிழமைக்கு ஒருக்கா குழியை மூடவோ தண்ணியை வெட்டி விடவோ வேணும். வயலிலயும் இடைக்கிடை தண்ணியை வடிய விட்டுக் காயவிட்டா நல்லம், பயிர் பூக்கிற நேரம் மட்டும் செய்யாதேங்கோ.

கிணறையும் விடாதேங்கோ. 2016 கடைசியில மன்னாரில ஸ்டீபன்சி எண்ட, மலேரியா பரப்புற, எங்கட நாட்டுக்குப் புது நுளம்பைக் கண்டு பிடிச்சவை, அது கிணத்திலயும் தண்ணித் தாங்கியிலயும் பெருகுறது. தாங்கியை இறுக்கி மூடுங்கோ, கிணத்துக்குள்ள நுளம்புப் புழுவைத் தின்னுற கப்பி எண்ட சின்ன மீன் விடலாம், ஆனா அதைக் குளத்தில கொண்டுபோய் விட்டிடாதேங்கோ, எங்கட குளத்து மீனுக்குக் கூடாது.

பன்றிக்கும் யானைக்கும் காவலுக்குப் போய் கொட்டிலில படுக்கிற ஆக்கள்தான் கூடக் கவனம், ஏனெண்டா இந்த நுளம்பு பொழுதுபட்டதில இருந்து விடியுமட்டும் கடிக்கும். மருந்து ஏத்தின வலையைக் கொட்டிலின்ர நாலு மூலையிலயும் கட்டி, ஓரத்தைப் பாய்க்குக் கீழ சொருகுங்கோ. அதை அடிக்கடி தோய்க்காதேங்கோ, தோய்ச்சாலும் நிழலில காயப்போடுங்கோ, வெயில் பட்டா மருந்து போயிடும். படுக்க முதல் டோர்ச் அடிச்சு வலைக்குள்ள ஒருக்காப் பாருங்கோ, தலையைக் குத்தி வாலைத் தூக்கிக்கொண்டு சரிவா ஒண்டு குந்தியிருந்தா அது அனோபிலிஸ், அடிச்சுப்போட்டுப் படுங்கோ.