ஆய்வுத் தரவை நாடாவில் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காந்த நாடாவின் காலம் முடிந்துவிட்டது என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் துகள் இயற்பியல், வானியல், காலநிலை ஆய்வு போன்ற துறைகளில் பெருந்தரவின் நீண்டகால இருப்பிடம் இன்றும் நாடாதான். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் நாடாக் காப்பகம் 2017 ஜூன் மாதத்திலேயே 200 பெட்டாபைட்டை (ஒரு பெட்டாபைட் என்பது ஆயிரம் டெராபைட்) எட்டிவிட்டது. அலமாரியில் இருக்கும் கார்ட்ரிட்ஜுக்கு (நாடா சுற்றிய பெட்டிக்கு) மின்சாரம் தேவையில்லை. பிணையத்தின் வழியே நுழையும் எவராலும் அதை அழிக்கவும் முடியாது. நாடா தன்னளவில் மிகவும் நம்பகமான பொருள் என்பதே என் கருத்து. இழப்புகள் பெரும்பாலும் அதைச் சுற்றி நாம் எடுக்கும் முடிவுகளிலிருந்து வருகின்றன.

அவற்றில் மிகவும் ஆபத்தானது, தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் 30 ஆண்டு ஆயுளைத் தரவின் ஆயுளாக எடுத்துக்கொள்வது. நாடா 30 ஆண்டுகள் கெடாமல் இருக்கலாம். அதைப் படிக்கும் டிரைவ் அதுவரை சந்தையில் இருக்காது. பரவலாகப் பயன்படும் எல்டிஓ (LTO) என்ற நாடா வகையை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டில் வந்த முதல் தலைமுறைக் கார்ட்ரிட்ஜ் 100 ஜிகாபைட் கொண்டது. 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் கொள்கிறது. ஏழாம் தலைமுறை வரையிலான டிரைவ்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களையும் படித்தன. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைகளில் அது ஒரே தலைமுறையாகச் சுருங்கியது. அதனால் 2012-இல் வெளியான எல்டிஓ-6 நாடாவை 2017-இல் வெளியான எல்டிஓ-8 டிரைவால் படிக்க இயலாது. இடைவெளி ஐந்தே ஆண்டுகள்.

டிரைவ் இல்லாத நாடா என்னவாகும் என்பதற்கு நிலவுப் பயண வரலாற்றிலேயே சான்று உண்டு. 1966, 1967 ஆண்டுகளில் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் அனுப்பிய நிலவுப் படங்கள் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எஃப்ஆர்-900 வகைக் கருவிகளுக்குரிய நாடாக்களில் பதிவாகியிருந்தன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவற்றை மீட்க முனைந்த குழு, எவரோ அக்கறையோடு காப்பாற்றி வைத்திருந்த பழைய கருவிகளைப் பழுதுபார்த்து ஓடவைத்த பிறகே படங்களைப் பெற முடிந்தது. அத்தகைய நற்பேற்றை நம்பி எந்தக் காப்பகத்தையும் நடத்தக் கூடாது.

ஆகவே புதிய தலைமுறைக்கு மாற்றி எழுதும் வேலை, திட்டம் தொடங்கும் நாளிலேயே நிதி ஒதுக்கீட்டில் இடம்பெற வேண்டும். அதன் காலத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. எல்டிஓ-9 டிரைவின் உச்ச வேகமான நொடிக்கு 400 மெகாபைட்டில், நிரம்பிய ஒரு கார்ட்ரிட்ஜைப் படிக்கவே பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். 10 பெட்டாபைட்டை நான்கு டிரைவ்கள் இடைவிடாமல் படித்தாலும் 72 நாட்கள் தேவை. அதே டிரைவ்கள் அன்றாட வேலையையும் பார்க்க வேண்டியிருந்தால் இது எளிதில் பல மாதங்களாக நீளும். காப்பகத்தின் அளவைப் பற்றிப் பெருமையாகப் பேசும் திட்டங்கள், அதை முழுவதும் ஒருமுறை படித்து முடிக்க எத்தனை நாளாகும் என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கில் வேறொரு பிழை நேர்கிறது. எல்டிஓ-9 உறையில் காணப்படும் 45 டெராபைட் என்ற எண், தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. ஆய்வுத் தரவு பெரும்பாலும் முன்பே சுருக்கப்பட்ட வடிவில் வருவதால், 18 டெராபைட்டை வைத்தே திட்டமிடுங்கள்.

நாடாவை ஹார்ட் டிஸ்க்கைப் போலக் கையாள்வது அடுத்த பெருந்தவறு. எல்டிஓ-9 நாடாவின் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். அது சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் முழு வேகம் கிடைக்கும். இலட்சக்கணக்கான சிறு கோப்புகளை ஒவ்வொன்றாக எழுதினாலோ, கணினியிலிருந்து தரவு மெதுவாக வந்தாலோ, டிரைவ் நின்று, பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் ஓடத் தொடங்குகிறது. இதனால் வேகம் சரிவதோடு நாடாவும், அதைத் தொட்டுப் படிக்கும் டிரைவின் படிமுனையும் தேய்கின்றன. சிறு கோப்புகளைப் பல ஜிகாபைட் அளவுள்ள தொகுப்புகளாகக் கட்டி, முதலில் வேகமான வட்டில் சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாக எழுதுவதே முறை. திரும்பப் படிக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். ஆய்வாளர்கள் தமக்குத் தோன்றிய வரிசையில் கோப்புகளைத் தனித்தனியாகக் கேட்டால் நாடா முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். முழுப் பட்டியலையும் ஒன்றாகக் கொடுத்தால் நாடாவில் அவை இருக்கும் வரிசைப்படி மென்பொருள் எடுத்துத் தரும். இன்று ஒன்றாக எழுதப்படுபவையே நாளை ஒன்றாகக் கேட்கப்படும் வகையில் தொகுப்புகளை அமைக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தரவை உருவாக்கிய ஆய்வாளர்களே. அவர்களைக் கேட்காமல் காப்பக ஊழியர்கள் மட்டும் இதை முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டியலைப் பற்றிய அலட்சியம் இதைவிடக் கொடியது. எந்தக் கோப்பு எந்தக் கார்ட்ரிட்ஜில் இருக்கிறது என்ற தரவுத்தளம் அழிந்துவிட்டால் எஞ்சுவது பார்கோடு ஒட்டிய பெட்டிகள் மட்டுமே. 2010-இல் அறிமுகமான எல்டிஎஃப்எஸ் முறை ஒவ்வொரு நாடாவிலும் அதன் கோப்புப் பட்டியலை எழுதிவைக்கிறது என்றாலும், ஆயிரம் நாடாக்களில் எதைத் தேடுவது என்பதை அது சொல்லாது. எனவே அந்தத் தரவுத்தளத்துக்கும் தனியே ஒரு பிரதி வேண்டும். அளவுத்திருத்த எண்கள், கருவியின் நிலை, கோப்பு வடிவத்தின் விளக்கம், படிக்கும் நிரல் ஆகியவையும் தரவோடு சேர்ந்தே காப்பகத்துக்குள் செல்ல வேண்டும். மதிப்பு அறியப்படாத நாடா அழிக்கப்படவும் கூடும். அப்பல்லோ 11 நிலவு நடையின் மூலப் பதிவு நாடாக்கள், பிற்காலத்தில் நாடாத் தட்டுப்பாடு வந்தபோது அழிக்கப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்றே நாசாவின் 2009 அறிக்கை முடிவு செய்தது.

இரண்டு பிரதிகள் இருந்தால் போதும் என்று எண்ணுவோர், அவை இரண்டையும் ஒரே கட்டடத்திலோ ஒரே நிரலின் ஆளுகையிலோ வைத்துவிடுகிறார்கள். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில், பிரதி எடுக்கும் நிரலில் செய்யப்பட்ட ஒரு மாற்றமே ஏறத்தாழ 77 டெராபைட் கோப்புகளை அழித்தது. செர்னின் துகள் முடுக்கியான பெரும் ஹேட்ரான் மோதுவியின் தரவு செர்னில் ஒரு பிரதியாகவும், பல நாடுகளில் பரவியுள்ள முதல்நிலைக் கணினி மையங்களில் மற்றொரு பிரதியாகவும் இருப்பதே பின்பற்றத்தக்க வழி.

நாடாவை வைக்கும் அறைக்கு வெப்பம் 16 முதல் 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 20 முதல் 50 விழுக்காடு என்ற வரம்பு பலரும் அறிந்ததே. தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி எழுதினால், அதைத் திறக்கும் மறையாக்கத் திறவுகோலைத் தொலைத்தால் தரவும் தொலைந்தது என்பதையும் நினைவில் கொள்க.

கடைசியாக, சரிபார்ப்பு. செக்சம், அதாவது தரவு மாறவில்லை என்பதைச் சோதிக்க அதிலிருந்தே பெறும் எண், தரவு பிறக்கும் இடத்திலேயே கணக்கிடப்பட வேண்டும். காப்பகத்துக்கு வந்தபின் கணக்கிட்டால், வழியில் நேர்ந்த பிழையும் சேர்ந்தே சரியானது என்று பதிவாகிவிடும். இதற்காக அடிக்கடி எல்லாவற்றையும் படிப்பதும் தவறு; எல்டிஓ-9 நாடாவை ஒருமுறை முழுதாகப் படிக்க அது முனைக்கு முனை 280 முறை ஓட வேண்டும். மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து, முறை வைத்துப் படித்தால் போதும். அதோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது, அந்தத் திட்டத்தில் பங்குபெறாத ஒருவரிடம் பழைய ஆய்வு ஒன்றின் பெயரை மட்டும் கொடுத்து, பட்டியலில் தேடி, நாடாவிலிருந்து எடுத்து, கோப்பைத் திறந்து, அதிலுள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்று விளக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அங்கிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம்.