சராசரி ஒன்றுதான், சிதறல் வேறு: திட்டவிலக்கத்தைக் கையால் போட்டுப் பார்ப்போம்

இரண்டு பேருந்துகளுக்காக ஐந்தைந்து நாள் காத்திருந்த நேரம், நிமிடக் கணக்கில்:

முதல் பேருந்து: 8, 9, 10, 11, 12
இரண்டாவது பேருந்து: 2, 4, 10, 15, 19

இரண்டுக்கும் கூட்டுச்சராசரி 10. இடைநிலை அளவும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) 10தான். ஆனால் முதல் பேருந்தை நம்பிக் கிளம்பலாம், இரண்டாவதை நம்ப முடியாது. சராசரி இதைச் சொல்லாது, சிதறல் அளவைகள் சொல்லும். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்தால் மட்டும் போதாது, கையால் போட்டால்தான் மனதில் நிற்கும்.

முதலில் வீச்சு

பெரிய மதிப்பிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு. முதலாவதுக்கு 12 − 8 = 4, இரண்டாவதுக்கு 19 − 2 = 17. சுலபம்தான், ஆனால் இரண்டு ஓரங்களை மட்டுமே பார்க்கிறது. நடுவில் இருப்பவை எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

அடுத்து திட்டவிலக்கம்

இரண்டாவது பேருந்தையே எடுப்போம். ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சராசரி 10-ஐக் கழியுங்கள்:

−8, −6, 0, 5, 9

இவைதான் விலக்கங்கள். சரி, இவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்துவிடலாமே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: −14-உம் +14-உம் சேர்ந்து பூஜ்ஜியம். எந்தத் தரவை எடுத்தாலும் இப்படித்தான் வரும். சராசரிக்குக் கீழே உள்ள குறைவும் மேலே உள்ள மிகுதியும் சரிக்குச் சரியாக இருக்கும் புள்ளிதான் சராசரி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இது பிடிபட்டால், அடுத்து ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை: குறைக்குறி போக வேண்டும்.

64, 36, 0, 25, 81

கூட்டினால் 206. ஐந்தால் வகுத்தால் 41.2. இதன் பெயர் விலக்க வர்க்கச் சராசரி. விலக்கம் கண்டோம், வர்க்கப்படுத்தினோம், சராசரி எடுத்தோம். பெயரிலேயே செய்முறை இருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இது.

ஆனால் 41.2-இன் அலகு 'வர்க்க நிமிடம்'. அதை வைத்து ஒன்றும் புரியாது. வர்க்கமூலம் எடுத்தால் 6.42 நிமிடம், அதுவே திட்டவிலக்கம். முதல் பேருந்துக்கு நீங்களே போடுங்கள்: வர்க்கங்களின் கூடுதல் 10, விடை 1.41 வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாவது பேருந்தை எக்செல்லில் போட்டு 7.18 வந்தால் பயப்பட வேண்டாம். கையில் இருப்பது முழுத்தொகுதி இல்லை, அதிலிருந்து எடுத்த மாதிரி மட்டுமே என்றால் 5-க்குப் பதில் 4-ஆல் வகுப்பார்கள். 206 ÷ 4 = 51.5, அதன் வர்க்கமூலம் 7.18.

ஒரு மதிப்பு மட்டும் தாறுமாறாக இருந்தால்?

8, 9, 9, 10, 11, 12, 40 என்று ஏழு நாள் தரவு. கடைசி நாள் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. வீச்சு 32 ஆகிவிட்டது, திட்டவிலக்கமும் எகிறும். இப்போது கால்மானம் கைகொடுக்கும்: வரிசைப்படுத்திய தரவை நான்கு பகுதிகளாகப் பிரிக்கும் மதிப்புகள்தான் கால்மானங்கள். ஏறுவரிசையில் (7 + 1) ÷ 4 = 2-ஆவது மதிப்பு 9, அது முதல் கால்மானம். அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 6-ஆவது மதிப்பு 12, அது மூன்றாம் கால்மானம். வித்தியாசம் 3, அதில் பாதியான 1.5 கால்மான விலக்கம். அந்த 40-ஐ 13 ஆக்கினாலும் 400 ஆக்கினாலும் இந்த 1.5 அசையாது.

அப்புறம், அலகு வேறான இரண்டு தரவுகளை ஒப்பிட மாறுபாட்டுக் கெழு. திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: முதல் பேருந்துக்கு 14.1%, இரண்டாவதுக்கு 64.2%. செல்சியஸ் வெப்பநிலைக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே பூஜ்ஜியம் என்பது 'ஒன்றுமில்லை' என்று ஆகாது, அதனால் விகிதத்துக்குப் பொருளே இல்லை.