நட்புக் கதையில் பட்டம்: புதிதாக எழுதுவோருக்கு ஒரு செய்முறை

சிறுவயது நட்பைக் கதையாக்க விரும்பும் பலர் பட்டத்தைத் தேடிப் போகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே அதற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். வானம், சிறகு, எல்லையின்மை என்று பத்தி வளர்கிறது. நண்பர்கள் இருவரும் கதையை விட்டே போய்விடுகிறார்கள். நட்புக் கதையில் வானத்தை விடத் தரையில் நிற்கும் கைகளைத்தான் கவனிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

கதையைத் தொடங்கும் முன் பட்டத்தின் வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குச்சி சீவுபவர், தாள் ஒட்டுபவர், வால் கட்டுபவர், தூரத்தில் நின்று தூக்கி விடுபவர், நூலை இழுப்பவர், அறுந்தால் பின்னால் ஓடுபவர். இத்தனை கைகள் பட்டாலொழியப் பட்டம் ஏறாது.

காபூலின் பட்டச் சண்டையைப் பாருங்கள். அங்கே ஒரு பட்டத்துக்கு இரண்டு பேர். ஒருவர் நூலைப் பிடித்துப் பட்டத்தை ஆட்டுவார். மற்றவர் நூல் சுற்றிய பெரிய உருளையைப் பிடித்துக்கொண்டு, தேவைப்படும்போது விட்டும் தளரும்போது சுற்றியும் கொடுப்பார். நூலில் கண்ணாடித் தூளைப் பசையோடு சேர்த்துப் பூசியிருப்பார்கள். நம் ஊர் மாஞ்சாவைப் போன்றதுதான். எதிராளியின் நூலை அறுப்பவர் வெல்கிறார். அறுந்த பட்டம் துரத்திப் பிடிப்பவருக்குச் சொந்தம். வெற்றியின்போது கூட்டம் நூல் பிடித்தவரைத்தான் தோளில் தூக்கும். உருளை பிடித்தவர் அப்போது எங்கே நிற்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கதை அந்தக் கேள்வியில் தொடங்கலாம்.

படி 2: வேலைகளை உறவோடு பொருத்துங்கள்

காபூலில் தொடங்கும் காலித் ஹுசைனியின் ‘தி கைட் ரன்னர்’ (2003) நாவல் இதற்குச் சிறந்த பாடம். தமிழில் ‘பட்ட விரட்டி’ என்று வந்திருக்கிறது. படிக்காதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அடுத்த சில வரிகளில் கதை தெரிந்துவிடும்.

அமீர் பணக்கார வீட்டுச் சிறுவன், ஆப்கானிஸ்தானில் ஆதிக்கம் செலுத்தும் பஷ்தூன் இனத்தவன். ஹசன் அதே வீட்டு வேலைக்காரரின் மகனாக வளர்பவன், அங்கே ஒடுக்கப்பட்ட சிறுபான்மையான ஹசாரா இனத்தவன். 1975 குளிர்காலப் போட்டியில் நூல் அமீரின் கையில், உருளை ஹசனின் கையில். கடைசியாக அறுந்த நீலப் பட்டத்தைத் துரத்தி ஓடுபவனும் ஹசனே. இருவருக்கும் இடையிலுள்ள மேல்கீழை விளக்க ஆசிரியருக்குத் தனிப் பத்தி தேவைப்படவில்லை. யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்பதிலேயே அது தெரிந்துவிடுகிறது.

படி 3: இடத்தையும் காலத்தையும் உறுதிசெய்யுங்கள்

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை என்றால் தைப்பொங்கல் நாளும், ஒருவரால் தனியே ஏற்ற முடியாத பெரிய பட்டங்களும் வர வேண்டும். சென்னை மொட்டை மாடி என்றால் மாஞ்சா நூல் சாலையில் போகிறவரின் கழுத்தை அறுக்கும் ஆபத்தையும் மறைக்காதீர்கள். காபூலில் தாலிபானின் முதல் ஆட்சியில் (1996–2001) பட்டம் விடுவதற்கே தடை இருந்தது. அந்த ஆண்டுகளில் கதை நடந்தால், இரு சிறுவர்கள் நூல் வாங்கும் காட்சியிலேயே அச்சம் வந்துவிடும்.

படி 4: பட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஆனால் கை மாறட்டும்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரே ஒரு முறை தலைகாட்டும் பட்டம் விளையாட்டுப் பொருளாகவே நின்றுவிடும். இரண்டாம் முறை வரும்போது அதே வேலையை வேறொருவர் செய்தால், இடையில் நடந்ததையெல்லாம் வாசகர் தாமாகவே நினைத்துக்கொள்வார்.

மேற்சொன்ன நாவலில், தந்தையின் அன்பை வெல்ல அமீருக்கு அந்த நீலப் பட்டம் தேவைப்படுகிறது. அதை விட்டுக்கொடுக்க மறுத்த ஹசன் ஒரு சந்தில் கொடுமைக்கு ஆளாகிறான். அதைப் பார்த்தும் அமீர் தடுக்காமல் ஓடிவிடுகிறான். பல ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவில், ஹசனின் மகனுக்காக அறுந்த பட்டத்தின் பின்னால் ஓடுவது அமீர். மன்னிப்புக் கேட்கும் நீண்ட வசனம் ஒன்றால் இந்த ஓட்டத்தின் பலத்தைத் தந்திருக்க முடியாது.

உங்கள் கதைக்கு இவ்வளவு பெரிய துயரம் வேண்டியதில்லை. எப்போதும் தூக்கி விட்டுக்கொண்டிருந்தவளின் கையில் ஒருநாள் தோழி நூலைக் கொடுக்கிறாள் என்றால் அதுவே போதும். அவள் வாங்கிக்கொள்கிறாளா, வேண்டாம் என்கிறாளா, நூலைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறுகிறாளா என்பதை மட்டும் நன்றாக எழுதுங்கள்.

படி 5: விளக்கங்களை நீக்குங்கள்

முதல் வரைவில் ‘அறுந்த நூலைப் போல அவர்கள் நட்பும் அறுந்தது’ போன்ற வாக்கியம் கட்டாயம் வந்திருக்கும். அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு செயலை வையுங்கள்: ‘மிச்ச நூலை அவன் சுற்றவில்லை. கண்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனான்.’

பயிற்சிக்கு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பாத்திரங்கள் இரண்டு, பட்டம் ஒன்று. ‘நட்பு’, ‘சுதந்திரம்’, ‘வானம்’ ஆகிய மூன்று சொற்களும் வரக் கூடாது. எழுதி முடித்ததும் படி 1இல் எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைச் செய்தவரின் பெயரைக் குறியுங்கள். எல்லா வேலைக்கும் ஒரே பெயர் வந்தால் இரண்டாமவருக்குக் கதையில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. படி 2இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.