ஜெர்மனியில் மைதானம் மைதானமாகக் கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனிக்குக் கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களோடுதான் கிளம்புகிறார்கள்: பயர்ன் மியூனிக், டோர்ட்முண்ட். இரண்டில் ஒன்றுக்கு டிக்கெட் கிடைத்தால் பயணம் வெற்றி, கிடைக்காவிட்டால் வீண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நாட்டின் கால்பந்து அவ்வளவு சின்னதில்லை. உச்சியில் 18 அணிகள் ஆடும் புண்டெஸ்லிகா. அதற்குக் கீழே இன்னொரு 18 அணிகளோடு இரண்டாம் புண்டெஸ்லிகா. 2008-ல் தொடங்கிய மூன்றாம் லிகாவில் 20 அணிகள். பிறகு ஐந்து வட்டாரங்களாகப் பிரிந்த ரெகியோனால்லிகா, அதற்கும் கீழே 14 ஓபர்லிகாக்கள், அப்புறம் மாவட்டம், ஊர் என்று இறங்கிக்கொண்டே போகும். ஒரே வார இறுதியில் 80,000 பேர் நடுவிலும் 80 பேர் நடுவிலும் நின்று ஆட்டம் பார்க்கலாம். இதற்காகவே ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் அங்கே ஏராளம். கிரவுண்ட்ஹாப்பர் என்று அவர்களைச் சொல்வார்கள்.

புதிதாகப் போகிறவர்களின் தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒரு மட்டத்தில் சரியாக இருக்கும் பழக்கத்தை அப்படியே இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பெரிய மைதானத்துக்கு ஒரு முறை இருக்கிறது, ஊர் மைதானத்துக்கு வேறொரு முறை இருக்கிறது.

தேதி முடிவாகும் முன்பே பணம் கட்டுவது

கோடையில் அட்டவணை வெளியானதும், இந்தச் சனிக்கிழமை இந்த ஆட்டம் என்று நம்பி விமானத்துக்கும் அறைக்கும் பணம் கட்டிவிடுகிறார்கள். முதலில் வெளியாவது எந்த வாரம், யாரோடு யார் என்பது மட்டும்தான். அந்த ஆட்டம் வெள்ளியா சனியா ஞாயிறா, எத்தனை மணிக்கு என்பதைச் சில வாரங்களுக்கு முன்புதான் லீக் அறிவிக்கும். புண்டெஸ்லிகா ஆட்டம் வெள்ளி இரவு 8.30-க்கும் இருக்கலாம், ஞாயிறு மாலைக்கும் தள்ளிப்போகலாம். வெள்ளி ஆட்டத்தைச் சனியென்று நினைத்து வந்து இறங்கினால் மைதானம் பூட்டிக் கிடக்கும். எனவே வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை அந்தப் பகுதியிலேயே இருக்கிறமாதிரி திட்டமிடுங்கள். நேரம் முன்கூட்டியே தெரிந்தே ஆக வேண்டும் என்றால் பருவத்தின் கடைசி வாரம்தான் வழி. அன்று முதல் பிரிவின் ஒன்பது ஆட்டங்களும் சனி மாலை 3.30-க்கு ஒரே நேரத்தில் தொடங்கும். என்ன, டிக்கெட் கிடைப்பது கடினமான நாளும் அதுதான்.

கீழ்ப் பிரிவுகளில் நிச்சயமின்மை இன்னும் அதிகம். மழை பெய்து புல்தரை சகதியானாலோ, உறைபனி விழுந்தாலோ ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவார்கள், அதுவும் பல முறை ஆட்டத்தன்று காலையில். சில நேரம் ஆட்டம் நடக்கும், ஆனால் பக்கத்திலிருக்கும் செயற்கைப் புல் மைதானத்துக்கு மாறியிருக்கும். பழைய மரப் பார்வையாளர் மாடத்தைப் பார்க்கவென்று நூறு கிலோமீட்டர் வந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம். காலையில் அந்தக் கழகத்தின் சமூக ஊடகப் பக்கத்தையும், உள்ளூர் ஆட்டங்கள் அத்தனையும் பதிவாகும் ஃபுஸ்பால்.டிஇ தளத்தையும் பார்க்காமல் ரயில் ஏறாதீர்கள்.

டிக்கெட்டுக்கு அவசரப்படுவது

பெரிய கழகங்களின் டிக்கெட் முதலில் உறுப்பினர்களுக்குத்தான் போகும். பொதுவிற்பனைக்கு மிச்சம் வந்தால் அதிர்ஷ்டம். இந்தப் பதற்றத்தில் பலர் மறுவிற்பனைத் தளங்களில் நான்கைந்து மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். இதைக் கழகங்கள் வெளிப்படையாகவே எதிர்க்கின்றன. அப்படி விற்கப்பட்டது என்று தெரிந்தால் அந்த டிக்கெட்டை முடக்கும் உரிமையும் அவற்றுக்கு உண்டு. வாசலில் ஸ்கேனர் சிவப்பு காட்டினால் நீங்கள் கொடுத்த பணம் போனதுதான். கழகங்களே நடத்தும் அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கங்கள் இருக்கின்றன. வரமுடியாதவர்கள் தங்கள் இடத்தை அங்கே திருப்பிக் கொடுப்பார்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் பொறுமையாக அதைத் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள், ஒற்றை இடம் அடிக்கடி வரும். கூட்டமாகப் போகிறவர்களுக்கு இது கஷ்டம். தனியாகப் போகிறவருக்கு நல்ல வழி.

பெர்லினில் இருந்தால், ஹெர்தா ஆடும் ஒலிம்பிக் மைதானத்தில் 74,000-க்கும் மேல் இருக்கைகள். பெரும்பாலான ஆட்டங்களுக்கு இடம் கிடைத்துவிடும். அதே நகரத்தின் யூனியன் பெர்லின் மைதானமான ஆல்டே ஃபர்ஸ்டெராயில் மொத்தமே 22,012 பேர்தான், அதில் பெரும்பகுதி நின்று பார்க்கும் படிகள். 2008-09-ல் 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்து அதைப் புதுப்பித்தார்கள். அங்கே டிக்கெட் கிடைத்தால் எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம்.

நின்று பார்க்கும் படிகளில் சுற்றுலாப் பயணியாக நடந்துகொள்வது

டிக்கெட்டில் ஷ்டேப்ளாட்ஸ் என்றிருந்தால் நின்று பார்க்கும் இடம், ஸிட்ஸ்ப்ளாட்ஸ் என்றிருந்தால் இருக்கை. நிற்கும் இடம் மலிவு. முதல் பிரிவிலேயே பல கழகங்களில் 15 முதல் 20 யூரோவுக்குள் அடங்கிவிடும். மலிவாக இருக்கிறதே என்று வாங்கிக்கொண்டு, கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் போய் நின்று கைபேசியில் வீடியோ எடுக்க ஆரம்பிக்கிறார்கள் பாருங்கள், பெரிய மைதானத்தில் நடக்கும் மோசமான தவறு இதுதான்.

அந்த நடுப்பகுதி அல்ட்ராஸ் எனப்படும் தீவிர ரசிகர் குழுக்களுடையது. முன்னால் வேலிமேல் ஏறி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி மெகாஃபோனோடு ஒருவர் நிற்பார். தொண்ணூறு நிமிடமும் பாட்டை எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. அங்கே நிற்கிறவர்கள் பாட வேண்டும், கை தட்ட வேண்டும், கொடி மறைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். முகங்களைப் படமெடுப்பது அவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. காவல்துறையோடு பல ஆண்டுகளாக அவர்களுக்கு இருக்கும் உரசல்தான் காரணம். யாராவது வந்து அழித்துவிடச் சொன்னால் வாதாடாமல் அழித்துவிடுங்கள். பாட விருப்பமில்லை, வேடிக்கை பார்த்தால் போதும் என்றால் அதே படிகளின் ஓரப்பகுதி உங்களுக்கு ஏற்றது. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போனால் நல்ல இடம் கிடைக்கும்.

அந்த ஒன்றரை மணி நேரம் வீணாகப் போகாது. டோர்ட்முண்டின் தெற்குப் படிகளில் மட்டும் கிட்டத்தட்ட 25,000 பேர் நிற்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாக நிறைவதைப் பார்ப்பதே ஓர் அனுபவம். அணி அறிவிப்பின்போது அறிவிப்பாளர் வீரரின் முதல் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவார், குடும்பப் பெயரை மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தும். பல மைதானங்களில் கோல் விழுந்ததும் அவர் 'டாங்கே' (நன்றி) என்பார், கூட்டம் 'பிட்டே' (பரவாயில்லை) என்று முடித்துவைக்கும். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு வந்து சேருகிறவர்களுக்கு இதில் பாதி கிடைக்காது.

இங்கே ரசிகர்கள் தங்களை வாடிக்கையாளராக நினைப்பதில்லை. கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும் என்ற 50+1 விதி 1998 முதல் இருக்கிறது, ஒருசில விதிவிலக்குகள் தவிர. ரசிகர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2021-22 முதல் முதல் பிரிவில் திங்கட்கிழமை ஆட்டமே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் அவர்கள் ஏன் அவ்வளவு உரிமையோடு நடந்துகொள்கிறார்கள் என்பது விளங்கும்.

இன்னொன்று, நிறம். போகும் ஊரின் எதிரி யார் என்று பார்த்துவிட்டுச் சட்டை எடுத்து வையுங்கள். ஷால்கே அணியின் ஊரான கெல்சென்கிர்ஹெனில் டோர்ட்முண்டின் மஞ்சள் கறுப்பு வேண்டாம், டோர்ட்முண்டில் ஷால்கேயின் நீலம் வெள்ளை வேண்டாம். கீழ்ப் பிரிவுதானே என்று அலட்சியம் வேண்டாம். லைப்ஸிக் நகரில் லோக் அணி நீலம் மஞ்சள், கெமி அணி பச்சை வெள்ளை. இரண்டும் நான்காம் பிரிவுக் கழகங்கள். அவை மோதும் நாளில் நகரத்தில் இருக்கும் இறுக்கம் பல முதல் பிரிவு ஆட்டங்களில்கூட இருக்காது.

ஊர்ப்பெயரை நம்பி இறங்குவது

ஹோஃபன்ஹைம் அணியைப் பார்க்க ஹோஃபன்ஹைமில் இறங்கக் கூடாது. முதல் அணி 2009 முதல் ஸின்ஸ்ஹைமின் நெடுஞ்சாலை ஓரத்து மைதானத்தில் ஆடுகிறது, அதற்கு ஸின்ஸ்ஹைம் மியூசியம்/அரேனா நிலையத்தில் இறங்க வேண்டும். ஹோஃபன்ஹைம் கிராமத்தில் இருக்கும் பழைய சிறிய மைதானத்தில் ஆடுவது இரண்டாம் அணி. (அதையும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.) மொன்ஷென்கிளாட்பாஹ் நகரத்துக்கு ஒன்றல்ல, இரண்டு தலைமை ரயில் நிலையங்கள், அதில் ஒன்றின் பெயர் ரைட். எதில் இறங்கினாலும் மைதானத்துக்குப் பேருந்து பிடித்தாக வேண்டும். பிராங்க்பர்ட் என்ற பெயரிலும் இரண்டு நகரங்கள். டிக்கெட் எடுக்கும்போது மைன் நதிக்கரையா, போலந்து எல்லையிலிருக்கும் ஓடர் நதிக்கரையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் பிரிவுகளில் பல கழகங்களின் டிக்கெட்டிலேயே அன்றைய உள்ளூர் ரயில், டிராம் பயணம் சேர்ந்திருக்கும். எல்லாக் கழகமும் தருவதில்லை, டிக்கெட்டில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊர் ஊராகச் சுற்ற டாய்ச்லாண்ட் டிக்கெட்தான் மலிவு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-ல் 58, 2026-ல் 63 யூரோ. வட்டார ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும், ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயிலுக்குச் செல்லாது. இது மாதச் சந்தா என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் கணக்கிலிருந்து போய்விடும்.

ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், வரட்டும். ஆனால் பகல் 1 மணி ஆட்டத்தையும் 3.30 ஆட்டத்தையும் கோக்கப் பார்க்காதீர்கள். முதல் ஆட்டம் முடியவே 2.50 ஆகிவிடும், வாசலைத் தாண்டவே கால் மணி நேரம் பிடிக்கும், ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வரும் என்று அந்த ஊர்க்காரர்களே நம்புவதில்லை. பகல் 1 மணிக்கு இரண்டாம் பிரிவு, மாலை 6.30-க்கு முதல் பிரிவு என்றால் நிம்மதி. இதற்கு ரூர் பகுதியை மிஞ்ச இடமில்லை. டோர்ட்முண்ட், போஹும், கெல்சென்கிர்ஹென், எஸ்ஸன், ஓபர்ஹவுஸன், டூயிஸ்பர்க் எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும் ஊர்கள், பக்கத்து ஊருக்கு ரயிலில் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

ஊர் மைதானத்தைக் காட்சிப்பொருளாகப் பார்ப்பது

ஞாயிறு பிற்பகல் 3 மணி என்பது ஊர்ப் பிரிவுகளின் நேரம். வாசலில் ஒரு சின்ன மேசை, அதன் மேல் இரும்புப் பணப்பெட்டி, சுருளிலிருந்து கிழித்துத் தரும் டிக்கெட். மூன்று முதல் ஐந்து யூரோ இருக்கும், அடிமட்டத்தில் அதுவும் இல்லை. கார்டை நீட்டினால் அந்தப் பெரியவர் சங்கடப்படுவார், சில்லறையும் சின்ன நோட்டும் வைத்திருங்கள். (பெரிய மைதானத்தில் நிலைமை தலைகீழ்: பல கடைகளில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள். ஏ4 தாளைவிடப் பெரிய பையும் உள்ளே போகாது.) மைதானத்தைச் சுற்றி இடுப்பளவு இரும்புக் கம்பி, அதில் சாய்ந்துகொண்டு பார்க்க வேண்டியதுதான். பக்கத்தில் நிற்பவர் கோல்கீப்பரின் தாத்தாவாக இருக்கலாம், அதனால் யாரையும் கிண்டல் செய்யாமல் பாருங்கள். பல இடங்களில் முதல் அணிக்கு முன்பாக 1 மணிக்கு அதே கழகத்தின் இரண்டாம் அணி ஆடும். சீக்கிரம் போனால் இரண்டையும் பார்க்கலாம்.

அங்கே கிரில்லில் வாட்டும் சாசேஜ், யாரோ வீட்டில் சுட்டு எடுத்து வந்த கேக், காபி எல்லாம் விற்பார்கள். அந்தப் பணம் சிறுவர் அணிகளின் பந்துக்கும் சட்டைக்கும் போகிறது, அதனால் வெறும் கையோடு பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சிறுவர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தால் கேமராவை உள்ளே வையுங்கள், பெற்றோர் அதை விரும்ப மாட்டார்கள். எங்கிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்து தானாக வளரும்.

ஞாயிறன்று கிராமத்துப் பேருந்து மணிக்கு ஒன்று இருந்தாலே பெரிது, கடைகளும் மூடியிருக்கும். திரும்பும் பேருந்தைப் பார்த்து வைத்துக்கொள்ளாமல் போகக் கூடாது.

நான்காம் பிரிவெல்லாம் தரம் குறைவு என்று ஒதுக்குகிறவர்கள் சார்ப்ரூக்கனை நினைத்துப் பார்க்கட்டும். 2020-ல் நான்காம் பிரிவில் இருந்தபடியே ஜெர்மன் கோப்பையின் அரையிறுதிக்கு வந்தது, அதற்கு முன் எந்த நான்காம் பிரிவு அணியும் செய்யாத சாதனை. 2025-ல் மூன்றாம் பிரிவிலிருந்து பீலஃபெல்ட் இறுதிப் போட்டி வரைக்கும் வந்து, பெர்லினில் ஸ்டுட்கார்ட்டிடம் 4-2 என்று தோற்றது. டோர்ட்முண்டுக்கே போனாலும், 81,365 பேர் கொள்ளும் அந்தப் பிரம்மாண்டத்தின் ஓரத்திலேயே 1926-ல் திறந்த ரோட்டே எர்டே மைதானம் இருக்கிறது. 1974 வரை கழகத்தின் முதல் அணி ஆடிய இடம் அது. பெரும்பாலான பயணிகள் அதைக் கடந்துபோய் விடுகிறார்கள்.

காலம் தவறிப் போவது

டிசம்பர் கடைசியில் கிடைக்கும் விடுமுறையில் போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன் நிற்கும் புண்டெஸ்லிகா ஜனவரியில்தான் திரும்பும். ஊர்ப் பிரிவுகள் டிசம்பர் தொடக்கத்திலேயே நின்று, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோதான் திரும்பும். எல்லா மட்டத்தையும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு காலம் சிறந்தது. ஒன்று ஆகஸ்ட்: கோப்பையின் முதல் சுற்றில் 64 அணிகள் ஆடும், சிறிய கழகங்களுக்கே சொந்த மைதானத்தில் ஆடும் வாய்ப்பு தருவார்கள், அதனால் முதல் பிரிவு நட்சத்திரங்களைச் சின்ன ஊரின் மைதானத்தில் பார்க்கலாம். இன்னொன்று ஏப்ரல், மே: தரை காய்ந்திருக்கும், எந்த அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும், எது மேலே ஏறும் என்பது முடிவாகும் நேரம். மே மாதத்தில், மாநிலக் கோப்பைகளின் இறுதி ஆட்டங்களை ஒரே நாளில் நடத்தும் அமெச்சூர் இறுதி நாளும் வரும், 2016 முதல் இது நடக்கிறது. தங்கும் ஊருக்குப் பக்கத்தில் அன்று எந்த இறுதி ஆட்டம் என்று பார்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள்.