புஷ்கிராஃப்ட் கத்திக்கு நாமே கைப்பிடி போடுவது எப்படி?

காட்டில் கிடைப்பதை வைத்தே அங்கே தங்கி வாழும் கலைதான் புஷ்கிராஃப்ட். அப்படித் தங்கப் போகிறவருக்கு ஒரே ஒரு கத்திதான் என்றால் அது விறகு சீவ வேண்டும், கூடார முளை செதுக்க வேண்டும், மரக்கரண்டி வெட்ட வேண்டும், ஃபெரோ ராட் என்ற தீமூட்டும் உலோகக் குச்சியில் உரசித் தீப்பொறியும் எழுப்ப வேண்டும். ஸ்வீடனின் மோராவிலும் பின்லாந்திலும் பரம்பரையாகச் செய்துவரும் கத்திகளிலிருந்து வளர்ந்த வடிவம் இது. பின்லாந்தின் கவ்ஹாவா ஊரில் ஈசாக்கி யார்வென்பா 1879-இல் தொடங்கிய பட்டறையின் பெயரில் இன்றும் கத்திகள் வருகின்றன. அந்த ஊர்க் கத்திகளில் இரும்பின் மெல்லிய வால் மட்டும் கைப்பிடிக்குள் போகும். பிற்பாடு இங்கிலாந்தில் புஷ்கிராஃப்ட் கற்பிக்கும் ரே மியர்ஸுக்காகக் கத்திக் கைவினைஞர் ஆலன் வுட் செய்த கத்தி வழியாகப் பரவியது இன்னொரு வகை. அதில் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை முழு அகலத்தில் ஓடும், இரு பக்கமும் பலகை ஒட்டியிருக்கும். ஃபுல் டாங் என்பது இதைத்தான்; டாங் என்றால் கைப்பிடிக்குள் இருக்கும் இரும்புப் பகுதி. முதல் கத்திக்கு இந்த வகையையே சொல்வேன். ஒட்டுவதும் எளிது, பலகை கெட்டால் பெயர்த்துவிட்டு வேறு போடுவதும் எளிது.

குறைந்த விலை மோரா கத்தியே நன்றாக வெட்டுமே, கையால் செய்தது எதற்கு என்று கேட்கலாம். வெட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் தொழிற்சாலைக் கைப்பிடி எல்லாக் கைக்கும் பொதுவான அளவில் வருவது. ஒரு மணி நேரம் தொடர்ந்து செதுக்கும்போது கொப்புளம் வருமா, வராதா என்பதை முடிவு செய்வது பிளேடைவிடக் கைப்பிடிதான். அந்தக் கைப்பிடியை உங்கள் உள்ளங்கைக்கு அளவெடுத்துப் போட உலையும் சம்மட்டியும் தேவையில்லை. பதம் ஏற்றிய, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய, பிளேடை வாங்கிக்கொண்டால் மீதி வேலை வீட்டு மேசையிலேயே முடியும்.

பிளேடு வாங்கும்போது

வெட்டும் பகுதி 10 செ.மீ., தடிமன் 3 முதல் 4 மி.மீ. போதும். 5 மி.மீ. வேண்டாம். அது மரத்தைப் பிளக்கும், செதுக்காது. சரிவு ஸ்கேண்டி வகையாக இருக்கட்டும், அதாவது முழுத் தடிமனிலிருந்து கூர்வரை ஒரே சரிவு. பக்கத்துக்கு 12 டிகிரி என்றால் 3 மி.மீ. பிளேடில் சரிவின் அகலம் 7 மி.மீ. அளவிலும், 4 மி.மீ. பிளேடில் ஒன்பதரை மி.மீ. அளவிலும் வரும். கடைக்காரர் கோணம் சொல்லாவிட்டால் ஸ்கேல் வைத்து அளந்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சரிவு இதைவிடக் குறுகலாக இருந்தால் கோணம் பெரிது என்று அர்த்தம், மரத்தில் இறங்காது.

எஃகு 1095, ஓ1, 80சிஆர்வி2 எதுவானாலும் சரி. மூன்றும் துருப்பிடிக்கும், மூன்றையும் கல்லில் தீட்டுவது சுலபம். கொல்லரிடம் செய்யச் சொன்னால் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் செய்வார். கார்பன் சற்றுக் குறைவு என்பதால் கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், ஆனால் லேசில் உடையாது. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடும், அதனால் புதுப் பட்டை கேளுங்கள். கூரை ஒட்டிய இடத்தில் புது அரத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்க வேண்டும். இரும்பைக் கடித்துத் தூள் எடுத்தால் பதம் ஏறவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு விஷயங்களை வாங்கும் முன்பே பாருங்கள். கத்தி முதுகு 90 டிகிரியில் சதுரமாக இருக்கிறதா? உருண்டிருந்தால் ஃபெரோ ராடில் பொறி வராது. டாங்கில் துளைகள் போட்டிருக்கிறார்களா? பதம் ஏறிய எஃகைச் சாதாரண டிரில் பிட் துளைக்காது. கார்பைடு பிட் வேண்டும், அதுவும் சட்டென்று முறியும்.

பலகை

இரண்டு பலகை, ஒவ்வொன்றும் 13 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன். ஈட்டி, வாகை, தேக்கு எல்லாம் ஆகும். தேக்கிலும் ஈட்டியிலும் எண்ணெய்ப்பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோன் தொட்டுத் துடைத்தே ஆக வேண்டும். ஈட்டித் தூள் பலருக்கு அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் தரும். எந்த மரமானாலும் என்95 முகக்கவசம் போடுங்கள்.

மரம் காய்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஈர மரத்தைப் போட்டால் சில மாதத்தில் மரம் சுருங்கி, டாங்கின் விளிம்பு விரலில் உறுத்தும்.

துளை போடுவது

முதலில் பிளேடின் வெட்டும் பகுதியை அட்டையில் மடித்து மாஸ்கிங் டேப் சுற்றிவிடுங்கள். வேலை முடியும்வரை அதைப் பிரிக்க வேண்டாம்.

கண்ணாடிமேல் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, பலகையின் உள்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்குங்கள். டாங்கோடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கும் ஒளி கசியக் கூடாது. முதல் பலகையை டாங்கில் இறுக்கி, டாங்கின் துளை வழியாகவே பலகையைத் துளையுங்கள். முதல் துளை போட்டதும் அதில் ஒரு கம்பியைச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், இல்லாவிட்டால் பலகை நகர்ந்துவிடும். முதல் பலகை முடிந்தபின் இரண்டாவதை மறுபக்கம் இறுக்கி, முதல் பலகையின் துளை வழியாக அதையும் துளையுங்கள். அடியில் ஒரு வீண் கட்டையை வைத்தால் வெளிப்பக்கம் பிய்யாது. டிரில் ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. கையில் பிடித்துப் போட்டால் துளை சாய்ந்து இரண்டு பக்கமும் பொருந்தாமல் போகும்.

பலகைகளையும் டாங்கையும் சேர்த்துப் பிடிக்கும் பித்தளைக் கம்பி 5 அல்லது 6 மி.மீ. கடையில் 6 என்று தருவது 5.9 ஆகவும் இருக்கும், 6.05 ஆகவும் இருக்கும். வெர்னியர் அளவுகோலில் அளந்து, வீண் கட்டையில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். கம்பி கையால் தள்ளினாலே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் துளை சிறிது. பசை தடவிய கம்பியைச் சிறிய துளையில் அடித்தால் உள்ளே மாட்டிக்கொண்ட பசைக்கு வெளியேற வழியில்லாமல் பலகை பிளக்கும்.

பலகையின் முன்முனை: இங்கேதான் நிதானம் வேண்டும்

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. பிளேடைப் பார்த்திருக்கும் பலகையின் முன்முனையை ஒட்டுவதற்கு முன்பே முழுமையாக முடித்துவிட வேண்டும். ஒட்டியபின் அந்த முனை இரும்பின்மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே அரமோ உப்புத்தாளோ போனால் பிளேடில் குறுக்குக் கோடு விழும், அந்தக் கோடு போகவே போகாது.

செய்யும் முறை: பிளேடை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு பலகையையும் உள்பக்கம் ஒன்றோடொன்று சேரும்படி வைத்துத் துளைகளில் கம்பியைச் செருகுங்கள். இப்போது இரண்டும் ஒரே கட்டை. முன்முனையைச் சேர்த்தே வெட்டி, சேர்த்தே அரம் போட்டு, சுமார் 45 டிகிரி சரிவில் விளிம்பை உருட்டுங்கள். தனித்தனியாகச் செய்தால் ஒரு பக்கம் அரை மி.மீ. முன்னே நிற்கும், மேலிருந்து பார்க்கும்போதெல்லாம் அது கண்ணில் குத்தும். 120, 180, 240, 400 என்று வரிசையாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுங்கள். எண்ணெய் மட்டும் இப்போது வேண்டாம், உள்பக்கம் ஊறினால் பசை பிடிக்காது.

கூர் தொடங்கும் இடத்துக்கும் பலகையின் முன்முனைக்கும் 5, 6 மி.மீ. இடைவெளி போதும். பலம் கொடுத்துச் செதுக்கும் வேலையெல்லாம் கைப்பிடியை ஒட்டிய கூரில்தான் நடக்கும். இடைவெளி கூடினால் மணிக்கட்டு சீக்கிரம் களைத்துவிடும்.

ஒட்டுதல்

பசைக்கு என் ஓட்டு அரால்டைட் ஸ்டாண்டர்டுக்கு. ஐந்து நிமிடப் பசை வேண்டாம். அவசரத்தில் கம்பி பாதி போயிருக்கும்போதே இறுகிவிடும், ஈரத்தையும் அவ்வளவாகத் தாங்காது. டியூபில் சொன்ன விகிதத்தில் எடுத்து இரண்டு நிமிடம் விடாமல் கலக்குங்கள். கலவை சரியில்லாவிட்டால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது.

டாங்கையும் பலகையின் உள்பக்கத்தையும் 80 நம்பரில் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், அசிட்டோனால் துடையுங்கள், அதன்பின் விரல் படக் கூடாது. கம்பிகளையும் அப்படியே தேய்த்துக்கொள்ளுங்கள். நீளம் கைப்பிடியின் மொத்தத் தடிமனைவிட 4 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். டாங்கின் இரு பக்கமும், பலகைகளிலும், துளைக்குள்ளும் பசை தடவிச் சேர்த்து, மூன்று சி கிளாம்ப் போடுங்கள்.

கிளாம்பை முழு பலத்தோடு முறுக்காதீர்கள். பசை முழுவதும் பிதுங்கி வெளியே போய், உள்ளே வெறும் மரமும் இரும்பும் மிஞ்சும். ஒரு முறை கீழே விழுந்தாலே பலகை கழன்றுவிடும். விரலால் இறுக்கி, மேலே கால் சுற்று, அவ்வளவுதான். சுற்றிலும் மெல்லிய வரியாகப் பசை வெளிவந்தால் சரியான அழுத்தம். முன்முனையில் வழிந்ததைப் பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு உடனே துடையுங்கள், பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள்.

வடிவம்

முதலில் பலகையை டாங்கின் விளிம்போடு சமமாக்குங்கள். பிறகு தடிமனைக் குறையுங்கள். நடுவில் 23, 24 மி.மீ., முன்பக்கம் 18 அளவு. அதன்பின் நான்கு மூலைகளையும் 45 டிகிரியில் சீவி, அந்த விளிம்புகளை உருட்டுங்கள். நேராக உருட்ட ஆரம்பித்தால் இரு பக்கமும் ஒன்றாக வராது.

விரல் பள்ளங்கள் வெட்டாதீர்கள். பார்க்க அழகு, ஆனால் புஷ்கிராஃப்டில் கத்தியைப் பல விதமாகப் பிடிப்போம். நெஞ்சருகே கூரை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துச் செதுக்கும்போது அந்தப் பள்ளங்களே விரலை அறுக்கும். நடுவில் லேசான புடைப்பு போதும். அடிக்கடி உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி அழுத்திப் பாருங்கள். உறுத்தும் இடத்தில் பென்சிலால் குறித்து அங்கே மட்டும் எடுங்கள்.

பெல்ட் சாண்டர் வேகமானதுதான், ஆனால் பித்தளைக் கம்பி சூடேறிச் சுற்றிலும் மரத்தைக் கருக்கும், 60, 70 டிகிரி தாண்டினால் பசையும் இளகும். 120 நம்பருக்கு மேல் கையாலேயே தேய்ப்பது நல்லது. 240 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மரத்தின் நார் எழும்பி நிற்கும், அதை 400-இல் எடுங்கள்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் கிடைக்கும் சீக்கிரம் உலரும் வகை. மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் துடைத்து, மறுநாள் அடுத்த பூச்சு, நான்கைந்து முறை. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகு எறியுங்கள்.

தீட்டுவது

ஸ்கேண்டிச் சரிவு முழுவதும் கல்லில் படிய வேண்டும், கோணத்தை உயர்த்த வேண்டாம். 1000 நம்பர் கல்லில் ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் முழுநீளத்துக்கும் பிசிறு தட்டினால் பக்கம் மாற்றுங்கள். பிறகு 3000, கடைசியாகத் தோல் பட்டை.

பின்சேர்க்கை

தோல் உறைக்குள்ளேயே கத்தியை வைத்திருந்து துருப்பிடித்ததாகச் சிலர் எழுதினார்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் தடவித் தனியாக வையுங்கள். உணவு வெட்டும் கத்திக்குத் தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் போதும்.

ஆளிவிதை எண்ணெய் ஒட்டுகிறது, காயவே இல்லை என்பது இன்னொரு கேள்வி. பூச்சு தடிமனாகிவிட்டது. டர்பன்டைன் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, காற்றோட்டத்தில் இரண்டு நாள் வைத்து மீண்டும் மெல்லிசாகத் தொடங்குங்கள்.

மலையேற்றத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டவர்களுக்கு: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 31-வது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. அந்தச் சட்டத்தின் 'ஆயுதம்' என்ற வரையறையில் கத்தியும் உண்டு. எனவே அப்படிப்பட்ட பாதைகளுக்குக் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தோட்டத்திலும் சொந்த நிலத்திலும் செதுக்க ஆயிரம் வேலை இருக்கிறது. முதலில் ஒரு கூடார முளை, அப்புறம் ஒரு கரண்டி என்று தொடங்குங்கள், கைப்பிடியில் இன்னும் எங்கே எடுக்க வேண்டும் என்பது அந்த இரண்டிலேயே தெரிந்துவிடும்.